பூரணத்தங்கத்தின் இடது கால்

ஜனவரி 17

பூரணத்தங்கம் வந்து இறங்கியிருக்கிறாள். என் வீட்டுக்காரரின் கூடப் பிறந்த அக்காள். என் மகன் ஜெயபாண்டி உடன்குடிப் பக்கம் இருக்கிற அவள் ஊருக்குப் போய்க் கையோடு கூட்டி வந்துவிட்டான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அத்தைக்கு யாரும்மா இருக்கா? மாமாவும் போயாச்சு, பிள்ளையும் கெடையாது. காலு வலிச்சி தண்ணிக்குழாய் வரைக்கும் போக முடியல. இங்க தூத்துக்குடியில பெரியாஸ்பத்திரில காட்டலாம்னு..." என்று இழுத்தான்.

"வாங்க மதினி" என்றேன். வாசலுக்கு வந்தவளை வா என்று சொல்லாமல் நிற்க நான் என்ன பூரணத்தங்கமா? நான் கல்யாணமாகிப் போன அன்றைக்கு, ஆலாத்தித் தட்டைக் காணோம் என்று சொல்லி என்னை ஆனி மாத வெயிலில் வாசலிலேயே நிற்க வைத்தவள். தட்டு உள்ளே பெட்டி மேல்தான் இருந்தது. நான் நின்ற இடத்தில் இருந்தே தெரிந்தது. என் வீட்டுக்காரர் கடைசி வரைக்கும் "அப்படியா நடந்தது?" என்றுதான் கேட்டார். எனக்கு எதுவும் மறக்காது. மற்றவர்கள் மறந்துவிட்டோம் என்று சொல்லித் தப்பிக்கக் கூடாது என்றுதான் எழுதி வைப்பதே.

இப்போது அவளுக்கு அறுபத்தெட்டு வயசு. மூஞ்சி இன்னமும் செக்கச்செவேல் என்றுதான் இருக்கிறது. என் மாமியார் இருந்த மட்டும் "எம் மவளுக்கு ரத்தம் எப்படி ஓடுது பாரு. நீயும் இருக்கியே, வாழைத்தண்டு மாதிரி வெளுத்துப்போயி" என்று சொல்லிச் சொல்லிக் காட்டுவார்கள்.

ஆட்டோ எங்கள் சந்துக்குள் வராது. முக்கில் இறங்கி நடக்க வேண்டும். மாவு மில் பக்கம் வந்ததும் அவள் நின்றுவிட்டாள். வலிக்கிறது என்று வாயைத் திறக்கவில்லை. சுவரில் ஒட்டியிருந்த காதுகுத்துப் போஸ்டரை மேலும் கீழும் வாசிப்பதுபோல் நின்றாள். அவளுக்கு ஒரு எழுத்தும் தெரியாது.

ஜனவரி 18

குளித்துவிட்டு வந்து உடம்பெல்லாம் சொரிகிறாள். ரொம்ப வருசமாக இப்படித்தானாம். பாயில் படுத்தாலும் பாதம் இரண்டையும் வெறும் சிமெண்டுத் தரையில் வைத்துக்கொள்கிறாள். எரிகிறதாம்.

இடது காலில் பெருவிரலுக்கு அடுத்த விரல் நாவல்பழ நிறத்தில் இருக்கிறது. தொட்டால் ஜில்லென்கிறது. மருமகள் பிரேமா பார்த்துப் பயந்துபோனாள். உடனே சேலையை இழுத்து மூடிவிட்டாள் பூரணத்தங்கம். "என்னளா பாக்கே? விரலைப் பாத்ததில்லியா?"

அரிசி புடைத்தேன். ரேசன் அரிசியில் இந்த மாசம் கல் அதிகம்.

ஜனவரி 20

ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். டாக்டர் சின்னப் பெண். என் பேத்தியைவிட நாலைந்து வயசு கூட இருக்கலாம். பசை மாதிரி எதையோ காலில் தடவி, பேனா போல் ஒன்றை வைத்து அழுத்தினாள். பக்கத்தில் இருந்த சின்னப் பெட்டிக்குள் சத்தம் கேட்டது. வலது காலில் நாய் தண்ணீர் நக்குகிற மாதிரி சளப் சளப் என்று கேட்டது. இடது காலில் ஒன்றும் காணோம். பிறகு எங்கேயோ தூரத்தில் யாரோ மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. அதுதான் அவள் ரத்தம் போகிற சத்தமாம்.

"பாட்டி, காலுக்குப் போற ரத்தக்குழாய் ஒரு இடத்துல சுருங்கியிருக்கு. நடக்கும்போது கெண்டைக்காலுக்கு ரத்தம் கூடுதலா வேணும். போய்ச் சேரல. அதான் கவ்விப் பிடிக்குது. நின்னா விட்டுருது. இது ஒண்ணு. இன்னொண்ணு, உங்க ரத்தமே கெட்டியா இருக்கு. உங்க உடம்பு சிவப்பு அணுவை எக்கச்சக்கமா தயார் பண்ணுது. சுருங்கின குழாய்ல கெட்டி ரத்தம் எப்படி ஓடும்?"

பூரணத்தங்கம் வாழ்நாள் முழுக்கப் பதனி காய்ச்சியவள். உடனே சொன்னாள், "பதனி இறக்குனதும் தண்ணியா ஓடும். காய்ச்சக் காய்ச்சக் கூப்பனி ஆயிரும். பெறவு அகப்பையில இருந்து விழுறதுக்கே யோசிக்கும். எங்கிட்ட இருக்கது கூப்பனியா?"

"அதேதான்" என்று டாக்டர் சிரித்தாள்.

"அப்போ எம் மூஞ்சி செவப்பு?"

"அதுவும் அதனாலதான் பாட்டி. நோய்தான்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இதைக் கேட்க மாமியார் இல்லாமல் போய்விட்டார்களே என்று இருந்தது.

வாரா வாரம் வந்து ஒரு பை ரத்தம் எடுத்துவிட வேண்டும். நூற்றுக்கு ஐம்பத்தெட்டாக நிற்கிற கெட்டி நாற்பத்தைந்துக்குக் கீழே வந்தால்தான் கம்பி விட்டு, பலூன் ஊதி, அந்தச் சுருக்கத்தை எடுக்க முடியும். அதற்கு முன்னால் கை வைத்தால் ரத்தம் உறைந்துவிடும். அதுவரைக்கும் விரல் பொறுக்க வேண்டும். பொறுக்காவிட்டால் விரல் போகும். அதற்கு மேலும் தாமதமானால் காலை எடுக்கிற மாதிரி ஆகிவிடும்.

"காலை எடுக்கதா இருந்தா இப்பவே சொல்லிருங்க. நான் ஊருக்குப் போயிருதேன்" என்றாள். "தண்ணி கோரவும் வெளிக்குப் போகவும் இன்னொருத்தர் கையைப் பாத்துக்கிட்டு, அதுவும் தம்பி பொண்டாட்டி வீட்ல, ஒத்தக் காலோட கெடக்க மாட்டேன்."

என் காதுபடவே சொன்னாள். சரி. அதையும் கணக்கில் வைத்துக்கொண்டேன்.

மாத்திரை வாங்கும் வரிசையில் நான் நின்றேன். அவள் உள்ளே இன்னும் கொஞ்ச நேரம் டாக்டரோடு பேசிவிட்டு வந்தாள். "என்ன சொன்னாவ?" என்றேன். "தண்ணி நெறைய குடிக்கணுமாம். செருப்பு இல்லாம நடக்கக் கூடாதாம். புகையிலை ஆகாதாம்" என்றாள்.

ஜனவரி 21

இன்று ஒன்று நடந்தது. எழுதத்தான் வேண்டும். காலையில் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, புகையிலைப் பொட்டலத்தை எடுத்து, என் கையில் வைத்தாள். "அடுப்புல போடு." அவ்வளவுதான் சொன்னாள். என் கல்யாணத்துக்கு முன்னால் இருந்தே போடுகிறவள். நாள் முழுக்க வாய் சும்மா மென்றுகொண்டே இருந்தது. கை இடுப்பு மடியைத் தேடித் தேடித் திரும்பியது. ஒரு தடவையும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் பீடியை விடுகிறேன் என்று முருகனுக்கு மாலை போட்டு, மாலையோடு குளிப்பறைக்குள் பீடி குடித்தவர். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தான்.

ஜனவரி 25

முதல் தடவை ரத்தம் எடுத்தார்கள். குழாயில் மெதுவாக, கறுப்பாக, இறங்கலாமா வேண்டாமா என்று இறங்கியது. பை நிறைந்தது. அவ்வளவு ரத்தத்தை ஒரு மனுசி உடம்பில் இருந்து எடுத்து நான் பார்த்ததில்லை. நர்ஸ் அதைக் கொண்டுபோய்க் கழிவில் போட்டுவிட்டாள். யாருக்கும் ஏற்ற மாட்டார்களாம்.

வீட்டுக்கு வரும்போது ஒரு யோசனை. கெட்ட ரத்தத்தை எடுத்தாகிவிட்டது. அப்படியானால் நல்ல ரத்தம் ஊற வேண்டாமா? வெறும் உடம்போடு அவள் ஊருக்குத் திரும்பினால், தம்பி பொண்டாட்டி அன்னக்கனி வெறும் கஞ்சி ஊற்றி அனுப்பினாள் என்றுதான் ஊர் பேசும். 

ஜனவரி 28

ஞாயிற்றுக்கிழமை. கசாப்புக் கடைக்கு நானே போய் முதல் ஆளாக நின்று சுவரொட்டி வாங்கி வந்தேன். ஆட்டு மண்ணீரலைச் சுட்டுக் கொடுத்தால் ரத்தம் ஊறும் என்பது யாருக்குத் தெரியாது?

ஜெயபாண்டி பிறந்தபோது எனக்கு ரத்தம் நிறையப் போய்விட்டது. எழுந்து நிற்க முடியாது. மாமனார் சுவரொட்டி வாங்கி வந்து அடுப்படியில் கொடுத்தார். அன்றைக்கு அடுப்படி பூரணத்தங்கம் கையில். மணம் வந்தது. நான் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு காத்திருந்தேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போய், விருந்துக்கு வந்திருந்த அவள் புருசனுக்கு வைத்தாள். எனக்கு ரசம் வந்தது. அதில் பூண்டுகூட இல்லை.

இன்று மிளகு தட்டிப் போட்டுச் சுட்டு, தட்டில் வைத்து அவள் முன்னால் வைத்தேன். நின்றேன்.

"என்னது?"

"சுவரொட்டி மதினி. எங்க வீட்ல யாருக்கு வேணுமோ அவியளுக்குத்தான் குடுப்போம்."

என்னை ஏறிட்டுப் பார்த்தாள். அவளுக்கும் மறக்கவில்லை, தெரிந்துவிட்டது.

"ஆமா. என் புருசனுக்குத்தான் வச்சேன். உனக்கு வைக்கணும்னு தோணல. அன்னைக்கு நீ எனக்கு யாரோ" என்றாள்.

மழுப்பவில்லை. மறந்துபோச்சு என்று சொல்லவில்லை. இந்த வீட்டில் நடந்ததை நடந்தது என்று சொல்ல இன்னொரு ஆள் இருக்கிறது என்பதே எனக்குப் புதுசு. பிறகு தட்டை வழித்துச் சாப்பிட்டாள். கடைசித் துண்டு வரைக்கும் நான் நின்று பார்த்தேன்.

ஜனவரி 31

புதன். மறுபடியும் சுவரொட்டி. மருந்துக் கடையில் இரும்புச்சத்து டானிக் பெரிய பாட்டில் வாங்கினேன்.

பிப்ரவரி 2

காலையில் டாக்டர் சொன்ன நடை. வலி வரும்வரை நடக்க வேண்டும், வந்தால் நிற்க வேண்டும், விட்டதும் மறுபடி நடக்க வேண்டும். அப்படி நடந்தால் ரத்தம் சுற்றுவழி தேடிக்கொள்ளுமாம்.

மாவு மில் வந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது. நின்று, பல்லைக் கடித்து, "நட சவமே. உனக்குச் சோறு போட்டு வளத்தவ நான்" என்று காலைத் திட்டுகிறாள். மாவு மில்காரன் தன்னைச் சொல்வதாக நினைத்து வெளியே எட்டிப் பார்த்தான். "உன்னச் சொல்லல தம்பி, நீ அரை" என்றாள். நான் சிரித்துவிட்டேன். அவள் பார்க்கவில்லை.

பிப்ரவரி 6

மிளகாய் காயப்போட்டேன். அவளுக்குப் பீட்ரூட், பேரீச்சம்பழம், ஈரல்.

பிப்ரவரி 8

ரத்தம் எடுத்தார்கள். கெட்டி இறங்கவில்லை. டாக்டர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

பிப்ரவரி 11

பூரணத்தங்கம் சாப்பிடும்போது வாசலைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறாள். "போதும்ட்டி" என்றாள். "அன்னைக்கு நானும் பசியோடதான் இருந்தேன்" என்றேன். தட்டை இழுத்து வைத்துத் தின்றாள். டானிக் இரண்டு மூடி குடித்தாள். மூஞ்சி நல்ல சிவப்பு. பார்க்க எனக்கு நிறைவாக இருந்தது.

விரல் மட்டும் கருத்துக்கொண்டு வருகிறது.

பிப்ரவரி 15

ஆஸ்பத்திரி. விரல் நுனியில் தோல் பிய்ந்து உள்ளே கறுப்பாகத் தெரிந்தது. டாக்டர் குனிந்து பார்த்துவிட்டு, இனி நடக்கக் கூடாது என்றாள்.

"ரத்தம் எடுக்க எடுக்க இறங்காம நிக்குதே. மாத்திரை ஒழுங்கா போடுறாங்களா?"

"போடுதாவ. நாந்தான் எடுத்துக் குடுக்கேன்" என்றேன்.

"சாப்பாடு?"

எனக்கு இந்தக் கேள்வி வராதா என்றுதான் இருந்தது. "அதுல ஒரு குறையும் வைக்கல டாக்டரம்மா. ஞாயிறும் புதனும் சுவரொட்டி. மத்த நாளு ஈரல். காலைல பீட்ரூட்டு, பேரீச்சம்பழம். சாப்பிட்டதும் இரும்புச்சத்து டானிக்கு. நீங்க எடுக்க ரத்தத்த எல்லாம் நான் வீட்ல வச்சித் திருப்பி ஏத்திக்கிட்டுதான் வாறேன்."

டாக்டர் பேனாவை மேசையில் வைத்தாள். கத்தவில்லை. கத்தியிருக்கலாம். பூரணத்தங்கத்தின் பக்கம் திரும்பினாள்.

"பாட்டி, முதல் நாளே உங்ககிட்டச் சொன்னேன்ல? டானிக் கூடாது, ஈரல், சுவரொட்டி கூடாதுன்னு. இரும்புதான் ரத்தம் செய்யுற சரக்கு. அது கிடைக்கக் கூடாதுன்னுதான் நாங்க ரத்தத்தையே எடுக்கிறோம். சொன்னேனா இல்லையா?"

"சொன்னீய" என்றாள் பூரணத்தங்கம். மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"இந்த வாரத்துல இருந்து இறங்கலைன்னா விரலோட நிக்காது. முழங்காலுக்குக் கீழே எடுக்கிறதைப் பத்திப் பேச வேண்டி வரும்."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். ஜெயபாண்டி ஆட்டோ பிடிக்கப் போனான்.

"தெரிஞ்சே தின்னீயளா?"

"ம்."

"ஏன்? எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன? நான் என்ன ஊமையா, செவிடா?"

"சொல்லணும்னுதான் நெனச்சேன். நீ மொத நாளு தட்டைக் கொண்டாந்து வச்சிட்டு நின்ன பாரு. வேணாம்னு தட்டைத் தள்ளுனா, அன்னைக்கு உனக்கு இல்லைன்னு ஆக்குனேன், இன்னைக்கு நீ குடுத்ததும் எனக்கு வேண்டாம்னு ஆக்குனேன்னு ஆயிரும். ரெண்டு தடவை எப்படிச் செய்ய?" என்றாள். பிறகு, "ரெண்டு நாள்ல உனக்குச் சலிச்சிரும்னு பாத்தேன். உனக்குச் சலிக்குமா? நீ அன்னக்கனியில்லா" என்றாள்.

ஆட்டோ வந்தது. எழுந்திருக்கும்போது என் தோளைப் பிடித்தாள். இதுவரைக்கும் சுவரைத்தான் பிடிப்பாள்.

பிப்ரவரி 16

டானிக்கைச் சாக்கடையில் கொட்டினேன். ஏன் அத்தை என்று பிரேமா கேட்டாள். கெட்டுப்போய்விட்டது என்றேன்.

பிப்ரவரி 17

மதினிக்கு மோர்ச்சாதம், பீர்க்கங்காய்க் கூட்டு. டாக்டரிடம் ஜெயபாண்டியை விட்டு என்ன கொடுக்கலாம், என்ன கூடாது என்று ஒவ்வொன்றாகப் போனில் கேட்கச் சொன்னேன். நான் பக்கத்தில் நின்றேன். அவன் சரியாகக் கேட்க மாட்டான்.

தண்ணீர்ச் செம்போடு பின்னாலேயே போகிறேன். "மாட்டுக்குத் தொட்டி காட்டுத மாதிரி காட்டுதியே" என்கிறாள். குடிக்கிறாள்.

பிப்ரவரி 20

கசாப்புக் கடைக்காரர் தெருவில் பார்த்து, "என்னக்கா, சுவரொட்டி எடுத்து வச்சிருக்கேன், ஆளைக் காணோமே" என்றார். தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். அவர் மேல் என்ன தப்பு.

பிப்ரவரி 22

ரத்தம் எடுத்தார்கள். இறங்கியிருக்கிறது. விரல் முழுக்கக் கருத்துவிட்டது. வலி பாதத்துக்கு ஏறியிருக்கிறது. படுத்தால் கூடுகிறது என்று காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தே இருக்கிறாள். உட்கார்ந்தபடியே தூங்கி விழுகிறாள். நான் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டேன். சரிந்தால் என் மேல் சரியட்டும் என்றுதான்.

ஒரு முனகல் இல்லை. பிரேமாவின் அம்மாள் பல் பிடுங்கியதற்கு இரண்டு தெரு கேட்க அழுதாள். போன வருசம், தீபாவளிக்கு முன்னால்.

பிப்ரவரி 29

இன்னும் இறங்கியிருக்கிறது. இன்னும் போதாது. மூஞ்சிச் சிவப்பு போய்விட்டது. கண்ணாடியில் பார்த்துவிட்டு, "ஏளா, நானும் இப்போ உன்ன மாதிரி ஆயிட்டேன்" என்றாள்.

"எனக்கு இந்த மூஞ்சியோடயே காலம் போயிட்டு. உங்களுக்கு என்ன கொள்ளை?" என்றேன்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். யார் மூஞ்சியைச் சொன்னாள் என்று கேட்கவில்லை.

மார்ச் 4

விரலில் வாடை. டாக்டர் வார்டில் சேர்த்துக்கொண்டாள். பெரிய டாக்டர் ஒருவர் வந்து பாதத்தை அழுத்திப் பார்த்துவிட்டு, இரண்டு நாளில் ரத்தம் வழிக்கு வராவிட்டால் காத்திருக்க முடியாது, காலை எடுத்து உயிரைப் பார்க்க வேண்டும் என்று ஜெயபாண்டியிடம் சொன்னார். மெதுவாகச் சொன்னதாக நினைப்பு. மதினி கேட்டுவிட்டாள்.

"ஜெயபாண்டி, கையெழுத்துக் கேட்டா போடாத. எங்கிட்டக் கொண்டா. நான் கைநாட்டு வைப்பேன், இல்ல வைக்க மாட்டேன். காலு என்னது" என்றாள்.

நான் ஆஸ்பத்திரி வாசலில் இருக்கிற பிள்ளையாரிடம் போனேன். என்ன கேட்டேன் என்று எழுதப் போவதில்லை. அவருக்கும் எனக்கும் ஏற்கனவே ஒரு வழக்கு உண்டு, என் வீட்டுக்காரர் விசயத்தில். அதைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டேன்.

மார்ச் 5

பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண், முத்தையாபுரத்துக்காரி. சர்க்கரையில் விரல் எடுத்திருக்கிறார்கள். ஓயாமல் அழுகிறாள். மதினி தன் வலியை விட்டுவிட்டு அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"எத்தனை விரலு போச்சு?"

"ஒண்ணு."

"ஒம்பது இருக்குல்லா? ஒம்பதுக்கும் சேத்தா அழுதே? மூக்கைச் சீந்து. பெறவு அழு."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். பிறகு அழவில்லை. நர்ஸ் என்னிடம் வந்து, "உங்க அக்காவா?" என்றாள்.

"என் நாத்தனாரு" என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன்.

மார்ச் 6

கெட்டி நாற்பத்து நாலு.

மார்ச் 7

இடுப்புக்குக் கீழே தொடை மடக்கில் ஊசி குத்தி, கம்பி விட்டு, சுருங்கின இடத்தில் பலூனை ஊதி விரித்துவிட்டார்கள். மயக்க மருந்து கிடையாது. முழித்துக்கொண்டே படுத்திருந்தாளாம். வெளியே கொண்டுவந்ததும் என்னைத்தான் தேடினாள்.

"எம் ரத்தம் போறத டிவில காட்டுனாவட்டி. ஒரு இடத்துல வந்து முட்டிக்கிட்டு நிக்கி. அந்தப் பிள்ளை என்னமோ செஞ்சா. சரசரன்னு கீழ எறங்குது பாரு, வாய்க்கா வெட்டிவிட்ட மாதிரி. நான் சத்தம் போட்டுட்டேன்."

"வலிச்சுதா?"

"வலிக்கல. பாத்துட்டுச் சத்தம் போட்டேன்."

போர்வைக்கு உள்ளே கை விட்டுப் பாதத்தைத் தொட்டேன். சுட்டது. காய்ச்சல் இல்லை, சூடு. உயிரோடு இருக்கிற காலின் சூடு. கையை எடுக்க வெகுநேரம் ஆனது.

"என்னளா, என் காலைப் பிடிச்சிக்கிட்டு நிக்கே? யாராவது பாத்தா நீ மன்னிப்புக் கேக்கேன்னு நெனைப்பாவ" என்றாள்.

"போர்வை விலகியிருந்துச்சு" என்றேன்.

மார்ச் 9

அந்த ஒரு விரலை எடுத்தார்கள். மிஞ்சி போட்ட தழும்பு இருந்த விரல். பாதம் தப்பியது, கால் தப்பியது. விரல் எப்படியானாலும் போயிருக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொன்னாள். என்னைப் பார்த்துச் சொன்னாள். நல்ல பெண். பொய் சொல்லத் தெரியவில்லை.

மார்ச் 18

வீட்டுக்கு வந்துவிட்டோம். புண் ஆறுகிற வரை நடக்கக் கூடாது. நடக்கக் கூடாது என்று சொன்னால் கேட்கிற ஆளா? அடுப்படிக்கு வந்து என் சாம்பாரில் உப்புக் குறைவு என்று சொல்லிவிட்டுப் போனாள். குறைவாகத்தான் போட்டிருந்தேன். டாக்டர் சொன்னது.

ஏப்ரல் 5

புண் மூடிவிட்டது. மாசம் ஒரு தடவை வந்து ரத்தம் காட்ட வேண்டும். வாழ்நாள் முழுக்க. மாத்திரையும் அப்படியே. அவள் சரி என்றாள், பால்காரனுக்குச் சரி என்கிற மாதிரி.

நடையை ஆரம்பித்தாகிவிட்டது. மாவு மில்லைத் தாண்டிப் பள்ளிவாசல் வரை. இன்று பள்ளிவாசலையும் தாண்டி.

ஏப்ரல் 16

ஊருக்குப் போகிறேன் என்கிறாள். "சித்திரை கழியட்டுமே, வெயிலு" என்றேன். "வீடு பூட்டிக் கெடக்கு. கோழி எத்தனை மிஞ்சியிருக்கோ" என்றாள். "கோழி பெருசாப் போச்சு" என்றேன். போய் என் பழைய சேலை இரண்டை எடுத்து மடித்து வைத்தேன்.

ஏப்ரல் 18

போய்விட்டாள்.

ஆட்டோ பிடிக்கிறேன் என்று ஜெயபாண்டி சொன்னான். "எதுக்கு? டாக்டரு நடக்கத்தான சொல்லியிருக்கா" என்று பையைத் தூக்கினாள். பையை நான் பிடுங்கிக்கொண்டேன். மாத்திரை, மோர் மிளகாய், என் பழைய சேலை இரண்டு, எல்லாம் அதில்தான். கனம்.

மாவு மில் போனது. பள்ளிவாசல் போனது. அவள் நிற்கவில்லை. பெரிய ரோட்டில் ஏறினோம். மேம்பாலத்துக்குப் போகிற ஏற்றம். ஒரு விரல் இல்லாத காலை லேசாகச் சாய்த்து வைத்து, ஆனால் நேராக, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு போகிறாள். அந்த நடையைத்தான் நான் கல்யாணமாகிப் போன புதிதில் பார்த்தேன். பதனிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மணலில் நடப்பாள், ஒரு சொட்டுச் சிந்தாது. அப்போதும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஏற்றத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. "மதினி, நில்லுங்க" என்றேன். 

"பஸ்ஸு வந்துரும்ட்டி!"

"நில்லுங்கன்னா! என்னால ஏலல."

திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். நிற்கவில்லை. கையை வீசிக்கொண்டு மேலே மேலே போனாள். நான் ஏற்றத்தில் பாதியில், விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, அவள் சேலை நிறம் மறைகிற மட்டும் நின்று பார்த்தேன். நான் பஸ் ஸ்டாப்புக்குப் போய்ச் சேர்ந்தபோது பஸ்ஸில் ஏறி ஜன்னல் ஓரத்தில் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தாள். பையை ஜன்னல் வழியாக வாங்கிக்கொண்டாள். பஸ் கிளம்பிவிட்டது.

எனக்காக நிற்கவில்லை. எழுதி வைத்துக்கொண்டேன். அடுத்த மாசம் ரத்தம் காட்ட வருவாள். அப்போது கேட்பேன்.